முதலில் மெக்கானிக்கைத் தேடு

கும்பகோணம்

அன்புள்ள மகளுக்கு,

நீ திறக்கப்போகும் காபிக் கடைக்கு எந்த எஸ்பிரஸோ இயந்திரம் வாங்கலாம் என்று கேட்டு அனுப்பிய இரண்டு விலைப்பட்டியலையும் உன் அம்மா பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தாள். மூன்று குரூப், அதாவது காபி வடியும் மூன்று வாய், வைத்த அந்த இத்தாலி இயந்திரம் மாப்பிள்ளை அழைப்புக் கார் மாதிரி மினுக்குகிறது. அதை வாங்காதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எஸ்பிரஸோ என்றால் எனக்குத் தெரிந்தது, கல்யாண மண்டபத்து வாசலில் புஸ்ஸென்று நுரை கிளப்பி மேலே சாக்லேட் பொடி தூவிக் கொடுப்பதுதான். அதில் இன்ஸ்டன்ட் தூளும் பாலும் நீராவியும் தவிர வேறு சங்கதி கிடையாது. 9 பார் அழுத்தத்தில் 18 கிராம் தூளுக்குள் வெந்நீரைத் தள்ளி, 25, 30 விநாடிக்குள் 36 கிராம் காபியை வடிக்கும் வித்தையை அமெரிக்காவில் உன் ஊரான ஸ்போகேனுக்கு வந்து உன்னிடம்தான் பார்த்தேன். ஆனால் கூட்டம் எனக்குப் புதிதல்ல. பேருந்து நிலையத்துக்கு எதிரே முப்பது வருடம் கடை வைத்திருந்தவன்.

காலை ஏழிலிருந்து ஏழரை வரை மாப்பிள்ளையின் காரில் உட்கார்ந்து, எதிர்ச்சாரியில், காரை விட்டு இறங்காமலே ஜன்னலில் வாங்கிப் போகும் காபிக் குடிலைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, நினைவிருக்கிறதா? முப்பது கார்கள் வந்தன. காருக்கு ஒன்றரைக் கோப்பை என்று வை. நாற்பது விநாடிக்கு ஒரு கோப்பை வெளியே போக வேண்டும். இரண்டு குரூப்பே அதற்குத் தாராளம். அங்கே தடுமாறியது காபி இல்லை, பால். எஸ்பிரஸோவில் பாலை நிறைய ஊற்றும் லாத்தே, 16 அவுன்ஸ் கோப்பை ஒன்றுக்கு ஏறக்குறைய 350 மில்லி பால் கேட்கும். நம் டம்ளரில் மூன்று பேர் குடிப்பது. 4 டிகிரியில் இருக்கும் அந்தப் பாலை 65க்கு ஏற்ற நீராவி வேண்டும், அதுவும் ஓயாமல். ஆகவே பெரிய நீராவி பாய்லரும், காபித் தண்ணீருக்கென்று தனி பாய்லரும் உள்ள இரண்டு குரூப் இயந்திரத்தை எடு. பாலுக்கு எவ்வளவு நீராவி இழுத்தாலும் காபியின் சூடு குறையாது.

மிச்சமாகும் பணத்தில் அரைவை இயந்திரம் இரண்டு வாங்கு. 2004 மகாமகத்தின்போது நம் கடையில் அரைவை மோட்டார் புகைந்து நின்றது உனக்குத் தெரியாது, நீ விடுதியில் இருந்தாய். பாய்லர் கொதிக்கிறது, பால் பொங்குகிறது, கையில் தூள் இல்லை. பழுது பார்ப்பவர் திருச்சிக்குப் போயிருந்தார். பக்கத்துக் கடையில் கேட்ட விலைக்குத் தூள் வாங்கி அன்றைய மானத்தைக் காப்பாற்றினேன். தவிர, இடைவிடாமல் அரைத்தால் இயந்திரத்தின் பற்கள் சூடேறித் தூளின் பருமன் மாறும். இருபத்தெட்டு விநாடியில் இறங்கிய காபி இருபதில் ஓடிவிடும். மாற்றி மாற்றி ஓட்டினால் அந்தத் தொல்லை குறையும்.

பொத்தான் அழுத்தினால் எல்லாம் தானே நடக்கும் இயந்திரம் போதும் என்று மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆள் அடிக்கடி மாறும் கடைக்கு அது சௌகரியம். ஆனால் அரைவையும் அதற்குள்ளேயே. ஒன்று படுத்தால் எல்லாம் படுக்கும்.

மின்சாரத்தை மறந்துவிடாதே. அங்கே கடைகளுக்கு வருவது 208 வோல்ட்டா, 240 வோல்ட்டா என்று எலெக்ட்ரீஷியனிடம் எழுத்தில் வாங்கு. 240க்குச் செய்த சூடேற்றி 208இல் முக்கால் பங்கு வேலைதான் செய்யும். பெரிய இயந்திரம் வாங்கியும் நீராவி சோர்ந்து நிற்கும். தண்ணீருக்கும் வடிகட்டி வேண்டும். உங்கள் ஊர் நிலத்தடி நீர். உன் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நானே சுரண்டினேன்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த இத்தாலி இயந்திரத்தை விற்பவர் சியாட்டிலில் இருக்கிறார். அங்கிருந்து உனக்கு 280 மைல். நடுவே ஸ்னோக்வால்மி கணவாய். ஜனவரியில் பனி கொட்டிச் சாலையை மூடினால் அவர் எந்த வழியாக வருவார்? ஸ்போகேனில் குடியிருக்கும் மெக்கானிக் யார், அவர் எந்த இயந்திரத்துக்கு வாஷரும் வால்வும் கையிருப்பு வைத்திருக்கிறார் என்று கேள். அந்த இயந்திரத்தை வாங்கு, அழகில்லாவிட்டாலும் பரவாயில்லை.

இயந்திரத்தின் உயரம் குறைவாக இருக்கட்டும். ஜன்னலில் வருபவர் முகம் உனக்குத் தெரிய வேண்டும். நம் கடையில் நான் பாய்லரைச் சுவரோரம் வைத்ததால், மாஸ்டர் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். உன் அம்மா சண்டை போட்டுத் திருப்பிவைத்தாள்.

மெக்கானிக் கிடைத்ததும் எழுது. அடுத்த மாதம் எதிர்வீட்டுப் பையன் அங்கே வருகிறான். அவனிடம் பழைய பித்தளை பில்டரைக் கொடுத்தனுப்புகிறேன். அதற்கு எந்த வோல்ட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா