யாத்திரிகர் மடமும் கிணறும்: திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய அங்கத்தவர்களுக்கும் அடியார்களுக்கும் வணக்கம்.

பொதுக்கூட்டம் இச்சபையிடம் ஒப்படைத்த யாத்திரிகர் மடத்தின் புனரமைப்பும் அதனோடு சேர்ந்த கிணற்று வேலையும் நிறைவுற்று, ஆடி மாதக் கதிர்காம உற்சவத்துக்கு நடந்து செல்லும் அடியார்களுக்காக மடம் திறந்துவிடப்பட்டுள்ளது. வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் என்று கோயில் கோயிலாகத் தங்கி, உகந்தையிலிருந்து காட்டுக்குள் இறங்கும் அந்த நெடும்பாதையில் எமது மடத்தின் கடமை சிறியது: ஓர் இரவு படுக்க ஒழுகாத கூரையும், குளிக்கவும் குடிக்கவும் நல்ல தண்ணீரும் கொடுப்பது. இவ்விரண்டும் இல்லாமற் போனதே திருப்பணிக்குக் காரணம்.

வேலையின் பெரும்பகுதியை எமது ஊர்த் தனியார் பாடசாலையின் 9ஆம், 10ஆம் தர மாணவர்கள் செய்தார்கள் என்பதும், அதனால் வேலை இழுபட்டது என்பதும் அங்கத்தவர்கள் அறிந்தவையே. மேசன்மாரிடம் முழுவதையும் கொடுத்திருந்தால் பங்குனிக்குள் முடிந்திருக்கும் என்று சபைக்குள்ளேயே சொல்லப்பட்டது, அது உண்மையும்கூட. இருந்தும் சபை ஏன் இந்த வழியை எடுத்தது என்பதை விளக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

கையால் செய்து கற்பது எமது நாட்டுக் கல்விக்குப் புதியதன்று. 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. 1977இல் ஆட்சி மாறியபின் அவை கைவிடப்பட்டன. அக்காலத்து மாணவர்கள் சிலர் இன்று இச்சபையில் இருக்கிறார்கள். இப்போது பரீட்சையும் பிரத்தியேக வகுப்பும் பிள்ளைகளின் பொழுதை எடுத்துக்கொள்ள, நேரசூசியைத் தாமே அமைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பாடசாலை வாரத்தில் இரண்டு பிற்பகல்களை ஒதுக்க முன்வந்தபோது அதைத் தட்டிவிட மனம் வரவில்லை. அதிபர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அலங்காரச் சுவரும் வேண்டாம், படம் எடுப்பதற்கு ஒரு நாள் சிரமதானமும் வேண்டாம். அவர்கள் செய்யும் வேலை பிழைத்தால் மடம் ஒழுக வேண்டும், அப்படிப்பட்ட வேலையாகக் கொடுங்கள் என்றார். சபை இணங்கியது.

முதலில் சுவர். பழைய செங்கற்சுவர் சுண்ணாம்புச் சாந்தினால் கட்டப்பட்டது. இடைக்காலத் திருத்தமொன்றில் அதன்மேல் சீமெந்து பூசப்பட்டிருந்தது. யார் காலத்தில் என்பது இங்கு வேண்டியதில்லை. நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சீமெந்துப் பூச்சைத் தாண்டி வெளியேற மாட்டாமல் உள்ளே தங்க, அதனோடு வந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே உறைந்து, கல்லை மாவாக்கியிருந்தது. பூச்சைத் தட்டியபோது பல இடங்களில் கல் கையோடு உதிர்ந்தது. உதிர்ந்த தூளையும், வாங்கிய மணலையும், குழைக்கவிருந்த நீரையும் மாணவர்கள் பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டுப் பார்த்தார்கள். உப்பு உள்ள இடத்தில் குழாய்க்குள் பால்போல் வெண்மை படரும். மணல் முதற் சோதனையில் தேறவில்லை. அதைக் கழுவி, மீண்டும் சோதித்து, தெளிந்த பின்னரே சாந்துக்குப் பயன்படுத்தினார்கள். வேலை தாமதித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எமது முன்னோர் முருகைக்கல்லை, அதாவது கடற்பவளப் பாறையை, சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது இப்போது சட்டப்படி தடை. ஆகவே கடைச் சுண்ணாம்பே வாங்கப்பட்டது. நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும் என்பதால், அவ்வேலையையும், கூரையில் ஏறுவதையும், கிணற்றுக்குள் இறங்குவதையும் பெரியவர்கள் மட்டுமே செய்தார்கள். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமின்றி எந்தப் பிள்ளையும் வேலைத்தலத்துக்குள் சேர்க்கப்படவில்லை.

கூரை ஓடுகளில் நல்லவற்றைத் தெரிந்தெடுக்கும் வேலை மாணவருக்கு. கூரை வேலை செய்த தச்சரான ஓடாவியார் ஓட்டை இடது கையில் தொங்கப் பிடித்து, விரல் மொழியால் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார். நல்ல ஓடு மணிபோல் ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புள்ளது அடைத்த குரலில் பேசும். சில வாரங்களில் பிள்ளைகள் அவரைவிட விரைவாகத் தெரிந்து அடுக்கினார்கள் என்று அவரே கூறினார். அவர் எளிதில் புகழ்பவர் அல்லர். மடத்துக்கு வேண்டிய பன்பாய்களை ஊர்ப் பெண்கள் சொல்லிக்கொடுக்க மாணவர்களே இழைத்தார்கள்; ஓரம் மடிப்பது மட்டும் இன்னும் கைவரவில்லை.

கிணற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட இந்த மணற்பட்டியில் எமக்குக் கிடைப்பது மணலுக்குள் இறங்கிய மழைநீர். அது கீழேயுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவில் கனமானது. ஆகையால் நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், கணக்குப்படி அடியிலுள்ள உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலெழ இடமுண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் புகுந்தபின் கிழக்குக் கரையோரத்துக் கிணறுகளை மோட்டார் வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தபோது, உப்பு குறைவதற்குப் பதிலாகக் கீழிருந்து ஏறிய இடங்கள் உண்டு. பின்னர் மாரி மழைதான் அவற்றைக் கழுவியது.

நீரில் உப்புக் கூடினால் மின்கடத்துதிறனும் கூடும். மாணவர்கள் அதை அளக்கும் சிறு கருவியையும் முடிச்சுப் போட்ட கயிற்றையும் கொண்டு, மேல், நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களிலும் நீரெடுத்து வாராவாரம் அளந்து பதிந்தார்கள். அடியில் உப்பு எப்போதும் கூடுதல். துப்புரவுக்காக மோட்டாரால் இறைத்தபின் நடுமட்டத்து அளவும் அடிமட்டத்தை நெருங்கியது. பழைய நிலைக்குத் திரும்ப மாரி வரவேண்டியிருந்தது. இந்தப் பதிவைப் பார்த்த பின்னரே கிணற்றை ஆழப்படுத்தும் முன்மொழிவைச் சபை கைவிட்டது. அதற்குப் பதிலாகக் கட்டு உயர்த்தி, சுற்றித் தளமிட்டு, கழிவுநீர் வாழைப் பாத்திக்குப் போக வாய்க்கால் வெட்டி, கப்பி பூட்டியுள்ளோம்.

கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகள் கோயிலில் கல் சுமப்பதா என்று ஒரு முறைப்பாடு வந்தது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்தில் திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளைத் தேடிப்போய்ப் படிப்பித்தவர் என்பதை அன்றைய கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் எடுத்துச் சொன்னதோடு அது ஓய்ந்தது. அரச பாடசாலைப் பிள்ளைகளை ஏன் சேர்க்கவில்லை என்ற மற்றக் கேள்வி நியாயமானது. மடப்பள்ளி வேலை தொடங்கும்போது அயலிலுள்ள இரு பாடசாலைகளையும் அழைக்கத் தீர்மானித்துள்ளோம்.

கணக்காய்வு செய்த வரவுசெலவு, பொருளாகக் கிடைத்தவற்றின் பட்டியலோடு கோயில் அறிவித்தல் பலகையில் இடப்பட்டுள்ளது. செலவில் பெரும்பங்கு மரத்துக்கே போனது. மடத்தின் திறப்பு (சாவி) கோயில் நிர்வாகப் பொறுப்பாளரான வண்ணக்கரிடம் இருக்கும். கிணற்றுப் பதிவுப் புத்தகத்தை அடுத்த 9ஆம் தரத்தினர் பொறுப்பேற்றுள்ளார்கள்.

வெளிநாட்டிலுள்ள அன்பர் ஒருவர் கிணற்றுக்கு நீரிறைக்கும் மோட்டார் ஒன்றும் மேல்நிலைத் தாங்கியும் அன்பளிப்புச் செய்ய விரும்பி எழுதியிருந்தார். மேற்சொன்ன காரணத்தால் மோட்டாரை ஏற்கமுடியாத நிலையை நன்றியுடன் அறிவித்து, அத்தொகையைக் கூரையில் விழும் மழைநீரைச் சேர்க்கும் தாங்கிக்குத் தர இயலுமா என்று கேட்டுள்ளோம். பதில் இன்னும் வரவில்லை. மோட்டார் வேண்டுமென்று கருதும் அங்கத்தவர்கள், பதிவுப் புத்தகத்தைப் பார்வையிட்டபின், அடுத்த பொதுக்கூட்டத்தில் தங்கள் பிரேரணையைச் சமர்ப்பிக்கலாம்.

இங்ஙனம்,
திருப்பணிச் சபையினர்