சுருதிக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் தூக்கம் வராமல் நள்ளிரவு தாண்டிச் சேனல் மாற்றிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுச் சேனல் ஒன்றில் ஊதா வெளிச்சத்தில் ஓர் அறை, கம்பளத்தில் ஜனங்கள் படுத்துக் கிடக்கிறார்கள், என்னடா இது என்று நிறுத்தினேன். பாட்டு இல்லை, தாளம் இல்லை, ரீங்காரம் மட்டும். நியூயார்க் சர்ச் தெருவில் அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்டே யங்கும் அவர் மனைவி மரியன் ஸசீலாவும் 1993-ல் அமைத்த 'ட்ரீம் ஹவுஸ்' அது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மாறுவதில்லை, ஆனால் அது சுவர்களில் மோதித் திரும்பி அறைக்குள் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்பதால், தலையை லேசாகத் திருப்பினாலே வேறு சுரம் காதில் விழுகிறதாம்.

இப்படி ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் வகையை ட்ரோன் மியூசிக் என்கிறார்கள். யங் 1935-ல் ஐடஹோ மாநிலத்தில் மரவீடு ஒன்றில் பிறந்தவர். காற்றின் ஓலமும் மின்கம்பங்களின் ரீங்காரமும் சின்ன வயதிலேயே அவர் மனதில் பதிந்தவை. 1960-ல் அவர் எழுதிய ஓர் உருப்படியில் இரண்டே சுரங்கள், நெடுநேரம் பிடிக்கவும் என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். நம் கணக்கில் அவை ஸ, ப! உடனே 'எல்லாம் நம்மிடமிருந்து போனது' என்று கிளம்பிவிட வேண்டாம். கிரானா கரானா என்ற பாணியைச் சேர்ந்த பாடகர் பண்டிட் பிரான் நாத் அமெரிக்கா போனதும், யங் அவரிடம் சிஷ்யராகச் சேர்ந்ததும் 1970-ல்தான், அதுவும் இந்துஸ்தானி சங்கீதம்.

எல்லோருக்கும் இது பிடிக்காது, எனக்கே நடுவில் அலுப்புத் தட்டியது. ஆனால் கொஞ்ச நேரம் பொறுத்தால் ஒரே சுரத்துக்குள் மெல்லிசாக வேறு சுரங்கள் எழுவது கேட்கிறது. நல்ல தம்புராவில் ஜீவா, அதாவது கம்பிக்கு அடியில் வைக்கும் நூல், சரியாக இருந்தால் காந்தார சுரம் தானாகக் கேட்கும் என்று பாடகர்கள் சொல்வது இதைத்தானே. இப்போது எத்தனை கச்சேரியில் அது கேட்கிறது? தம்புராவுக்குப் பதில் எலெக்ட்ரானிக் பெட்டியை வைத்து, மைக்கில் அதையும் அமுக்கிவிடுகிறார்கள். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் சுருதிக்காக மூச்சு விடாமல் ஒத்து என்ற குழலை ஊதியவர்கள் இடத்தையும் பெரும்பாலும் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது.

டிசம்பர் சீசன் இணைப்பில் கேண்டீன் தோசைக்கு அரைப்பக்கம் தருகிறீர்கள், சரி, எனக்கும் பிடிக்கும். அப்புறம் மிச்சமிருக்கிற ஒத்து, தம்புராக் கலைஞர்களிடமும் ஒரு நிருபரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்