யூனியன் பெரியப்பா டிரைவர்களுக்குப் பார்த்தது

தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

ஓசூர் கிடங்கில் டிரைவர்கள் எல்லாரையும் இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீ சொன்னதிலிருந்து யூனியன் பெரியப்பா ஞாபகமாகவே இருக்கிறது. அவருக்கு வருஷத் திதியும் முடிந்துவிட்டது. போனில் சொன்னால் 'சரிம்மா சரிம்மா' என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். அவர் எந்த யூனியனிலும் இல்லை தெரியுமா? எங்கள் லாரி கம்பெனி ஆபீசில் எப்போதும் டிரைவர் பக்கமே பேசியதால் முதலாளி கிண்டலாக வைத்த பேர் அது. ஓட்டும்போது கெடுகிற உடம்பைவிடக் காத்துக் கிடக்கும்போது கெடுகிற உடம்புதான் அதிகம் என்பார். அவர் செய்த எல்லாமே அந்த ஒன்றிலிருந்து வந்ததுதான்.

துறைமுக ஜீரோ கேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை நெடுக ட்ரெய்லர் நின்றதைச் சின்ன வயசில் நீயே பார்த்திருக்கிறாய். ஏற்றுமதி கன்டெய்னரை உள்ளே விடுவதற்கான ஃபார்ம் 13-இல் ஒரு எண் பிசகியிருக்கும், கன்டெய்னர் கதவிலுள்ள சீல் நம்பர் ஒத்துவராது, இல்லை உள்ளே யார்டில் இடமிருக்காது. ஒரு வண்டிக்காக வரிசை முழுக்க நிற்கும். ஒரேயடியாக நின்றால் தூங்கலாம். அது பத்தடி நகரும், அரை மணி நிற்கும், மறுபடி பத்தடி. இடம் போய்விடும் என்று டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்க மாட்டான். ஒதுங்க இடமில்லை, அதனால் தண்ணீரே குடிக்க மாட்டான். அதில் வருவது கல்லடைப்பு. கல் வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கி வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுவான். நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்தையே பதம் பார்த்துவிடும். அதனால்தான் பெரியப்பா மருத்துவ முகாமுக்கு முன்னால் கக்கூஸைப் பற்றிப் பேசினார். எந்தப் பங்கில் டீசல் போடுகிறோமோ அந்தப் பங்கில் நம் டிரைவருக்கு ராத்திரியிலும் கழிப்பறைக் கதவைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டீசல் வேறு இடத்தில் என்று பேரம் பேசி வாங்கினார். முதலாளிக்கு ஒரு பைசா செலவில்லை.

சர்க்கரை வியாதிதான் அவர் ரொம்பக் கவலைப்பட்டது. சர்க்கரை ஏறுவதைவிட வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது இறங்குவதுதான் ஆபத்து. காலையில் டிபனோடு கிளிமிபிரைடோ கிளிபென்கிளமைடோ, ஏதோ ஒரு சர்க்கரை மாத்திரை போட்டுவிடுவான். மத்தியானம் வரிசை நகர்கிறது என்று சாப்பாட்டை விட்டுவிடுவான். மாத்திரைக்கு அது தெரியுமா? அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனதும் நெற்றி வியர்க்கும், கை நடுங்கும், கேட்டால் சம்பந்தமில்லாமல் கோபப்படுவான், பேச்சு குழறும். பார்க்கிறவர்கள் குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இதற்குப் பெரியப்பா செய்தது சின்ன வேலை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையை, சுமார் 15 கிராம், பொட்டலம் கட்டி இரண்டிரண்டாக, ஒவ்வொரு நடைக்கும் தருகிற டிரிப் ஷீட்டோடு சேர்த்து பின் அடித்துக் கொடுப்பார். அறிகுறி தெரிந்தால் வண்டியை ஓரம் கட்டி, ஒரு பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிஷம் பார்க்க வேண்டும். தெளியாவிட்டால் இன்னொன்று. தெளிந்த பிறகு கட்டாயம் சாப்பாடு, ஏனென்றால் மாத்திரை இன்னும் உள்ளே இருக்கிறது. கிளிபென்கிளமைடு போட்டவனுக்குச் சாயந்தரம்கூட மறுபடி இறங்கும், அன்றைக்கு அவன் ஓட்டக் கூடாது. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவனுக்கு இந்தப் பயம் குறைவு. ஆகவே உன் ஆட்களிடம் 'சுகர் இருக்கா' என்று கேட்டு நிறுத்தாதே, மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பேரைக் குறித்துக்கொள்.

செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் பார்ப்பார். நம்மாட்கள் பாதிப் பேர் வெறுங்காலோடுதான் பெடல் மிதிப்பார்கள். இன்ஜினுக்கு மேலே இருக்கிற தகடு கொதிக்கும், சர்க்கரையில் மரத்துப்போன காலுக்கு அது உறைக்காது. கொப்புளம் உடைந்து சீழ் வைத்த பிறகுதான் கவனிப்பான். 2025-இலிருந்து புது லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் என்கிறார்கள், நல்லதுதான். ஆனால் உன் கிடங்குக்கு வருகிறதெல்லாம் புது லாரியாகவா இருக்கப்போகிறது?

வெயில் நேரத்தில் ட்ரெய்லருக்கு அடியில் துண்டை விரித்துப் படுப்பதை உன் வளாகத்தில் அடியோடு நிறுத்து. வரிசை நகர்ந்ததும் கிளீனரோ பின்வண்டிக்காரனோ அவசரத்தில் ஏறி எடுத்துவிடுவான், கீழே ஆள் இருப்பது தெரியாது. நிழலுக்கு ஒரு ஷீட் கொட்டகை போடும்வரை இப்படிச் செய்: படுக்கிறவன் சாவியைக் கழற்றித் தன் இடுப்பிலேயே செருகிக்கொள்ள வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். ஸ்டியரிங்கில் துணி கட்டுவதெல்லாம் போதாது, அதை அவிழ்க்க ஒரு நொடி ஆகாது.

முகாம் நடத்துவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு நடத்தாதே. போட்டோவுக்கு வந்தவர்கள்தான் இருப்பார்கள். மாதவரம் லாரி நிலையத்திலும் சாத்தாங்காட்டிலும் பெரியப்பா ராத்திரி சாப்பாட்டு நேரத்தில்தான் மேஜை போட்டார். முதல் மேஜை கண். அதற்குக் கூச்சமில்லாமல் வருவார்கள். நாற்பது தாண்டியவனுக்கு ரோடு நன்றாகத் தெரியும், கையிலிருக்கும் சீல் நம்பர் தெரியாது. 8-ஐ 3 என்று எழுதிவிட்டு கேட்டில் மாட்டிக்கொண்டு முழிப்பான். படிக்கிற கண்ணாடி ஒன்று கொடுத்தால் அந்தத் தகராறே குறையும். அதை மாட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது, தூரம் மங்கும், அதையும் சொல்லிக் கொடு. கண்ணுக்கு வந்தவனை ரத்த அழுத்தத்துக்கு, சர்க்கரைக்கு என்று நகர்த்தி, கடைசியில் தனியாக, எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையத்துக்காரரிடம் உட்கார வைப்பார். எச்.ஐ.வி. என்று பேனர் கட்டினால் ஒருத்தன் அந்தப் பக்கம் வர மாட்டான்.

இப்போது காகிதம். நான் முப்பது வருஷம் பார்த்த வேலை இது, ஆனாலும் பெரியப்பா சொன்னதையே எழுதுகிறேன். இன்சூரன்ஸ் பாலிசியில் 'ஓனர் டிரைவர் 15 லட்சம்' என்று இருப்பதைப் பார்த்து டிரைவருக்கும் காப்பீடு இருக்கிறது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அது வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. சம்பளத்துக்கு ஓட்டுகிறவனுக்கு அதில் காலணா வராது. அவனுக்கு ஐ.எம்.டி. (IMT) 28 என்ற வரியைப் பார்க்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று பிரீமியம் கட்டுவது அது, கிளீனரையும் வைத்துக்கொண்டு ஒரு தலைக்கு மட்டும் கட்டியிருப்பார்கள்.

வேலையில் இறந்தால் குடும்பத்துக்கு என்ன வரும் என்பதை அவர் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். 1923-ஆம் வருஷ இழப்பீட்டுச் சட்டப்படி மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுப்பது 15,000 ரூபாய் வரைதான். நாற்பது வயதுக்குக் காரணி 184.17. ஆக 7,500-ஐ அதால் பெருக்கினால் 13,81,275 ரூபாய். இந்தச் சட்டத்தை 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சேர்த்துவிட்டார்கள், ஆனாலும் குடும்பத்திடம் கேட்கிற காகிதம் அதேதான். டிரைவர் மேலேயே தப்பு என்று எப்.ஐ.ஆர். போட்டாலும் இந்த வழியில் கேட்கலாம், அது பலருக்குத் தெரியாது.

தெரிந்தும் கிடைக்காமல் போவது இரண்டு காரணத்தால். ஒன்று, இவன் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். சம்பளச் சீட்டு கிடையாது, வழிச்செலவுப் பாட்டாவும் கையில்தான். அதனால் ஒவ்வொரு டிரிப்பிலும் பேரும் வண்டி நம்பரும் போட்ட டிரிப் ஷீட்டைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரம்மா போனுக்கு அனுப்பிவிடச் சொல்வார். இன்னொன்று நெஞ்சுவலி. வண்டியிலேயே உயிர் போயிருக்கும், ஊருக்குக் கொண்டுபோகும் அவசரத்தில் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று குடும்பமே எழுதிக் கொடுத்துவிடும். பிறகு வேலைப் பளுவால் வந்த சாவு என்று எதை வைத்து நிரூபிப்பது? அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், எங்கள் ஆபீசில் அது பெரியப்பா. திட்டு வாங்கிக்கொண்டே சொல்வார். வழக்குப் போட இரண்டு வருஷ அவகாசம், அதையும் கருமாதி முடிந்த கையோடு சொல்லிவிடுவார்.

மற்றவை சுருக்கமாக. டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் 5 வருஷம், டேங்கர் மாதிரி ஆபத்தான சரக்கு ஓட்டுகிறவனுக்கு 3 வருஷம், முடியும் தேதியை நீயே ஒரு நோட்டில் வைத்துக்கொள். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதியாதவர்களைப் பதிய வை, நியமனதாரர் பேர் செத்துப்போன அப்பா பேரிலேயே இருக்கிறதா என்று பார். தமிழ்நாட்டுச் சாலையில் விபத்து என்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். பீகார்க்காரனானாலும் சரி, ஆந்திராக்காரனானாலும் சரி. இந்திக்கார டிரைவர்களுக்கு இதை அவர்கள் மொழியில் எழுதி ஒட்டு.

1961-ஆம் வருஷச் சட்டத்தில் அஞ்சு மணி நேர வேலைக்கு அரை மணி ஓய்வும், வேலை தொடங்கி முடிய 12 மணி நேரமும் என்று எல்லை போட்டிருந்தார்கள். அந்த 12-இல் கேட் வாசலில் நின்றதும் சேர்த்திதான் என்று முதலாளியிடம் சண்டை போடுவார். பெரும்பாலும் தோற்பார்.

உன் கம்பெனி பாலிசியைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. முதல் பக்கம் வேண்டாம், பிரீமியத்தைப் பிரித்துப் போட்டிருக்கும் பக்கம். எத்தனை வண்டி, எத்தனை கிளீனர் என்பதையும் எழுது, தலைக்கணக்கை நான் சரிபார்த்துச் சொல்கிறேன்.

அம்மா