‘அவர்கள்’ எத்தனை பேர்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் உலகச் செய்திப் பக்கத்தில், கனடாவின் மானிடோபா மாகாணத் துணை முதல்வர் உசோமா அசாக்வாராவைப் பற்றி ஒரு குறிப்பு வந்திருந்தது. தலைப்பு ‘திருநங்கை அமைச்சர்’. உள்ளே ‘அவர்கள் செவிலியராகப் பணியாற்றினார்கள், அவர்கள் 2019இல் தேர்தலில் நின்றார்கள்’ என்று போகிறது. படித்து முடித்த என் மனைவி, “இது எத்தனை பேரைப் பத்தின செய்தி?” என்று கேட்டாள். முப்பத்தொரு வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவன் நான். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை.

ஒரே ஒருவரைப் பற்றிய செய்திதான் அது. அசாக்வாரா தன்னை ஆண் என்றும் சொல்வதில்லை, பெண் என்றும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் ‘ஹீ’, ‘ஷீ’ இரண்டும் வேண்டாம், ‘தே’ என்று எழுதுங்கள் என்பது அவர் விருப்பம். அதை உங்கள் மொழிபெயர்ப்பாளர் அப்படியே ‘அவர்கள்’ ஆக்கிவிட்டார். ஆங்கிலத்துக்கு வேறு வழியில்லை, பன்மையிலிருந்து கடன் வாங்குகிறது. நமக்கு என்ன அவசரம்? ‘அவர்’ என்று ஒரு சொல் காலகாலமாக இருக்கிறதே. ‘ஒருவர்’ என்ற சொல் இருபாலுக்கும் பொது, ஆனால் பன்மை முடிபு கொள்ளும் என்று தொல்காப்பியரே சொல்லி வைத்துவிட்டார். ‘அவர் செவிலியராகப் பணியாற்றினார்’ என்று எழுதியிருந்தால் போதும். ஆணா பெண்ணா என்ற கேள்வியே அந்த வாக்கியத்தில் எழாது.

(இந்தக் கடிதத்தின் முதல் வரியில் நானே உங்களை ‘அவர்கள்’ என்றுதான் விளித்திருக்கிறேன். அது மரியாதைக்கு. நீங்கள் ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியும்.)

தமிழில் எல்லாமே சுலபம் என்று சொல்லவரவில்லை. ‘அவர்’ என்பதில் மரியாதையும் சேர்ந்தே வருகிறது. அமைச்சருக்குச் சரி. எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை ஒன்று, தன்னை அவன் என்றும் சொல்லாதீர்கள், அவள் என்றும் சொல்லாதீர்கள் என்று கேட்டால், வாத்தியார் என்ன செய்வார்? ‘அது’ என்பது கைக்குழந்தைக்குத்தான் ஒத்துவரும். அக்கா, அண்ணா, தம்பி, தங்கச்சி என்று வீட்டுக்குள் வந்தால் இன்னும் சிக்கல். அதற்கு என்னிடமும் விடை இல்லை. உங்கள் செய்திக் குறிப்புக்கு அந்தச் சிக்கல் எதுவும் கிடையாது.

அடுத்தது தலைப்பு. திருநங்கை என்றால் பிறப்பில் ஆண் என்று குறிக்கப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர். அசாக்வாரா அப்படியல்ல. ஆணுக்கும் பெண்ணுக்கும் வெளியே உள்ள எல்லோரையும் ஒரே பெயரில் போடுவது, இட்லி, தோசை, இடியாப்பம் எல்லாவற்றையும் ‘டிபன்’ என்று எழுதுவதைப் போன்றது. உணவு விடுதியில் நடக்கும், பத்திரிகையில் நடக்கலாமா? சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்திய பிறகு, தமிழ்நாடு அரசு 2022இல் இதற்கான சொற்பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. பத்திரிகைகளை மனதில் வைத்துத்தான் அந்த வேலை நடந்தது. அதன் பிரதி ஒன்று உங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அசாக்வாராவைப் போல ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை, எழுத்துப்பெயர்ப்பாக ‘நான்-பைனரி’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதைப் படிக்கும் தமிழனுக்கு, யாரோ ‘நான்’ என்று தன்னைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது போலத்தான் இருக்கும்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசாக்வாராவின் பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்து மானிடோபாவின் வினிபெக் நகரில் குடியேறியவர்கள். உசோமா என்பது இக்போ மொழிப் பெயர். ‘நல்ல வழி’ என்று பொருள். அந்த மொழியில் அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல்தான். அதாவது, அந்தப் பெயர் வந்த மொழிக்கும் இதில் சங்கடம் இல்லை, அது வந்து சேர்ந்த தமிழுக்கும் பெரிதாக இல்லை. நடுவில் இருக்கும் ஆங்கிலத்தின் சங்கடத்தை நாம் எதற்குச் சுமக்க வேண்டும்?

சரி, இலக்கணம் போதும். அந்தக் குறிப்பில் என்னை அதிகம் உறுத்தியது வேறு. ஆள் ஆணா பெண்ணா என்பதிலேயே இடமெல்லாம் தீர்ந்துபோய், அவர் செய்த வேலை இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

என் மகள் வினிபெக்கில் செவிலியராக இருக்கிறாள். 2024இல் நான்கு மாதம் அங்கே தங்கியிருந்தோம். டிவியைப் போட்டால் பாதி நாள் மருத்துவமனைச் செய்திதான். அப்போதுதான் அசாக்வாராவை முதலில் பார்த்தேன். கூடைப்பந்தில் வினிபெக் பல்கலைக்கழக அணிக்கும், கனடாவின் தேசிய மகளிர் அணிக்கும் ஆடியவர். அப்புறம் மனநலச் செவிலியர். மேற்குக் கனடா மாகாணங்களில் அது தனிப் படிப்பு, தனிப் பதிவு. போதைப் பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களோடு பல வருடம் வேலை பார்த்திருக்கிறார்.

2019 செப்டம்பரில், நகரத்தின் நடுப்பகுதியான யூனியன் ஸ்டேஷன் தொகுதியில் புதிய ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று வென்றார். மானிடோபா கனடாவோடு சேர்ந்தது 1870இல். அந்தச் சட்டமன்றத்துக்குக் கறுப்பினத்தவர் முதன்முதலில் தேர்வானது 2019இல்தான். ஒரே தேர்தலில் மூன்று பேர்: அசாக்வாரா, அதே கட்சியின் ஜேமி மோசஸ், அன்றைய ஆளுங்கட்சியின் ஆட்ரி கார்டன். இந்த ஆட்ரி கார்டன் பின்னர் சுகாதார அமைச்சரானார். 2023 தேர்தலில் தன் தொகுதியில் தோற்றார். அவருக்குப் பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்தவர் அசாக்வாரா. அந்தத் தேர்தலில் புதிய ஜனநாயகக் கட்சி 57 இடங்களில் 34ஐப் பிடித்து, அதன் தலைவர் வாப் கினியூ முதல்வரானார். கனடாவில் ஒரு மாகாணத்துக்கு, ‘ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்’ எனப்படும் பூர்வகுடிப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் தேர்தலில் வென்று முதல்வரானது அதுவே முதல் முறை. அவருக்கு அடுத்த இடம் துணை முதல்வர் அசாக்வாராவுக்கு. கூடவே சுகாதாரத் துறை, முதியோர் நலம், நீண்டகாலப் பராமரிப்பு.

சட்டமன்றத்தில் இவரை எப்படி அழைப்பார்கள் என்று நானும் யோசித்தேன். அங்கே யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘யூனியன் ஸ்டேஷன் தொகுதியின் மாண்புமிகு உறுப்பினர்’ என்பார்கள், அல்லது அமைச்சர் என்பார்கள். பழைய பிரிட்டிஷ் மரபு, இவருக்காக உண்டானதல்ல. அவைக்குறிப்பில் மிஸ்டர், மிஸ் என்ற ஒட்டுகளுக்குப் பதில் ‘எம்.எல்.ஏ. அசாக்வாரா’ என்று அச்சிட்டார்கள். முடிந்தது.

அவர் கைக்கு வந்த துறை எளிதானதல்ல. முந்தைய அரசு 2017க்கும் 2019க்கும் இடையில், வினிபெக்கில் இருந்த ஆறு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் மூன்றைச் சாதாரண உடனடிச் சிகிச்சை மையங்களாகக் குறைத்திருந்தது. விக்டோரியா, கன்கார்டியா, செவன் ஓக்ஸ். மிச்சமிருந்த மூன்றில் கூட்டம் சேர்ந்தது. மூடியவற்றைத் திறப்போம் என்பது புதிய அரசு மக்களுக்குக் கொடுத்த வாக்கு. 2024 அக்டோபரிலிருந்து கருத்தடை மருந்துகளை இலவசமாகக் கொடுக்கிறார்கள். காகிதத்தில் இருந்த மருத்துவ அட்டை 2025இல் பிளாஸ்டிக் ஆனது. நல்லதுதான். ஆனால் 2025 ஜனவரியில், ஹெல்த் சயின்சஸ் சென்டர் என்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பல மணி நேரம் காத்திருந்த ஒருவர் இறந்துபோனார். அந்த வருடம் ஆகஸ்டில், பாதுகாப்பு போதவில்லை என்று அங்குள்ள செவிலியர்கள் வாக்களித்து, அந்த மருத்துவமனையைச் ‘சாம்பல் பட்டியலில்’ வைத்தார்கள். அங்கே வேலைக்குச் சேர வேண்டாம் என்று சங்கம் மற்ற செவிலியர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. செவிலியராக இருந்து அமைச்சரானவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? அதை உங்கள் நிருபர் கேட்டு எழுதியிருந்தால், நான் வேலை மெனக்கெட்டு இப்படிக் கடிதம் எழுதாமல் பாராட்டி ஒரு அஞ்சலட்டை போட்டிருப்பேன்.

மகளிடம் ஃபோனில் உங்கள் குறிப்பை வாசித்துக் காட்டினேன். சிரித்தாள். “இங்க அவர் என்ன பாலினம்னு யாரும் தினமும் பேசறதில்லப்பா. எமர்ஜென்சில எவ்வளவு நேரம் உட்காரணும், அதான் பேச்சு” என்றாள்.

அடுத்த இதழில் தலைப்பையும் ‘அவர்கள்’ஐயும் திருத்தி ஒரு வரி போட்டால் நன்றாக இருக்கும். அப்படியே, மானிடோபாவை அமெரிக்க மாநிலம் என்று இரண்டாம் பத்தியில் போட்டிருப்பதையும் பார்த்துவிடுங்கள். மகள் அதற்குத்தான் உண்மையாகவே கோபப்பட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.