புறநகரில் உணவகம் படுத்தால் மாஸ்டர்தான் குற்றவாளியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னைப் புறநகரில் பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையை ஒட்டிய புதிய குடியிருப்புகளிலும் உணவகங்கள் திறந்த வேகத்திலேயே மூடப்படுகின்றன. ஒரே கட்டடத்தில் பெயர்ப் பலகை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. கேட்டால் "ருசி இல்லை, மாஸ்டர் சரியில்லை" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். தி.நகரில் பேர் வாங்கிய மாஸ்டரைக் கூடுதல் சம்பளம் கொடுத்து நாவலூருக்கு அழைத்து வந்தாலும் ஆறே மாதத்தில் அவர் கைக்கும் அதே கெட்ட பேர் வருகிறது. கூட்டம் இல்லாததால்தான் ருசி போகிறது என்பதைப் புதிதாக முதல் போடுகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அடுப்படியில் நடப்பதைப் பாருங்கள். மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டிய டிபன் கடையில் காலை 7 மணிக்கு இறக்கிய சாம்பார் எட்டரைக்குள் தீர்ந்துவிடும். அடுத்த அண்டா அதற்குள் கொதித்துக்கொண்டிருக்கும். வடை எண்ணெயை விட்டு வெளியே வந்த பத்து நிமிடத்தில் இலைக்குப் போகும். அதே 40 லிட்டர் அண்டாவைப் புறநகரில் ஏற்றினால் 11 மணிக்கும் பாதி மிச்சம் இருக்கும். சிறு தீயிலேயே கிடப்பதால் பருப்பு அடியில் தங்குகிறது, காய் கரைகிறது, கெட்டிப்பட்டதும் வெந்நீர் ஊற்றி உப்பைச் சரிசெய்கிறார்கள். அரைத்துக் கொட்டிய கொத்தமல்லி வாசனை போயே போய்விடுகிறது. காலையில் மொத்தமாக அரைத்த தேங்காய்ச் சட்னி சித்திரை வெயிலில் பத்து மணிக்கே மணம் மாறும். அரை மணிக்கு நாலு வடை போடுவதற்காக எண்ணெய்ச் சட்டி நாள் முழுக்கக் காய்ந்தால் எண்ணெய் கறுத்து வடை எண்ணெய் குடிக்கும். இதில் மாஸ்டர் செய்த தவறு என்ன?

மாவிலும் இதே கதைதான். நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்று அரைத்த மாவு முதல் நாள் இட்லிக்கு, மறுநாள் தோசைக்கு, அதற்கு மேல் ஊத்தப்பத்துக்கு என்றுதான் நிற்கும். வியாழக்கிழமை கூட்டத்தை நம்பி வெள்ளிக்கும் அதே அளவு அரைத்தால் சனிக்கிழமை புளித்த தோசைதான். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பலவும் வாரத்தில் சில நாள் மட்டும் அலுவலகம் என்ற முறைக்கு மாறிய பிறகு, பழைய மகாபலிபுரம் சாலையில் செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரு வியாபாரம், மற்ற நாளில் வேறு வியாபாரம். பெரிய வளாகங்களுக்குள்ளேயே கேன்டீன் இருப்பதால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் உள்ளே போனாலும் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருகிறவர்கள் கொஞ்சம்தான்.

இனி கல்லாக் கணக்கு. 60 இருக்கை உள்ள ஒரு சைவ உணவகம் என்று வைத்துக்கொள்வோம். நகரத்தில் காலை அலுவலகக் கூட்டம், மதியச் சாப்பாடு, மாலையில் கடைவீதிக் கூட்டம், இரவு ஊருக்குப் போகிறவர்கள் என்று ஒரே நாற்காலி 11 முறை திரும்பும், அதாவது நாளுக்கு 11 பேர் அதில் மாறி மாறி உட்காருவார்கள். தலைக்கு 110 ரூபாய் என்றால் நாளுக்கு 72,600, மாதம் 21.78 லட்சம். புறநகரில் குடும்பமாக வந்து முக்கால் மணி நேரம் உட்காருவார்கள். அதுவும் இரவு எட்டு முதல் பத்து வரைதான். நாற்காலி மூன்றரை முறை திரும்பினால் பெரிது. தலைக்கு 130 ரூபாய் என்று கூட்டிப் போட்டாலும் நாளுக்கு 27,300, மாதம் 8.19 லட்சம்தான். நகரத்தில் வாடகை இரண்டரை லட்சம், இங்கே ஒன்றே கால் லட்சம். பாதிதானே என்று சந்தோஷப்பட்டு அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். வாடகை மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. சாப்பாட்டுக்கு 5 சதவீதம் வசூலிக்கும் உணவகம் அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 2017 நவம்பர் முதல் விதி அப்படி. வரியையும் சேர்த்தால் நகரத்துக் கடையின் வாடகை விற்பனையில் 13.5 சதவீதம், புறநகர்க் கடைக்கு 18 சதவீதம். அடுக்குமாடி வணிக வளாகம் என்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக் கட்டணமும் தனியாக வரும். விற்பனையில் சரக்குக்கு 35 சதவீதம், சம்பளத்துக்கு 25 சதவீதம் போனபின் கேஸ், மின்சாரம், தண்ணீர் எல்லாவற்றுக்கும் மிஞ்சுவதில் கைக்கு என்ன வரும்?

மேசை காலியாக இருக்கும் நேரத்தை டெலிவரி செயலி நிரப்பும் என்பார்கள். 20 முதல் 25 சதவீதம் கமிஷன், அந்தக் கமிஷன் மீது 18 சதவீத வரி, டப்பாச் செலவு. மேசையில் 80 ரூபாய்க்கு விற்கும் தோசையை அங்கேயும் 80க்கே போட்டால் நஷ்டம்தான். விலை ஏற்றினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். தவிர, முறுகல் தோசை மூடிய டப்பாவில் இருபது நிமிடம் தாங்காது.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இடம் பார்க்கப் போகிறவர்கள் கேட்க மறப்பது இதைத்தான். உணவகத்துக்கு இருக்கை ஒன்றுக்கு நாளுக்கு 70 லிட்டர் என்பது கட்டட விதிகளில் உள்ள அளவு. 60 இருக்கைக்கு 4,200 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மூன்று நாள்கூட முழுதாக வராது. குழாய் இணைப்பு இல்லாத பகுதிகளில் லாரியையும் ஆழ்துளைக் கிணற்றையும்தான் நம்ப வேண்டும். 2019 ஜூனில் ஏரிகள் வறண்டபோது நகருக்குள்ளேயே பல உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின, நேரத்தைக் குறைத்தன. கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடின நீர். அதில் துவரம் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் மசியாது. அவசரத்துக்கு ஆப்பச் சோடாவைப் போடுவார்கள். பருப்பு குழையும், ஆனால் சாம்பார் நுரைத்துச் சோடா வாசம் அடிக்கும். டிக்காக்‌ஷனும் நன்றாக இறங்காது. இட்லிக் கொப்பரையில் வெள்ளையாகப் படிந்து கேஸ் செலவு ஏறும். பருப்பு, காபி, குடிநீர் இந்த மூன்றுக்கு மட்டுமாவது மணிக்கு 100 லிட்டர் தரும் ஆர்.ஓ. இயந்திரம் வைத்தாக வேண்டும். போகும் வழியும் முக்கியம். பாதாளச் சாக்கடை இல்லாத இடத்தில் பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீரை நேரே செப்டிக் டேங்கில் விட்டால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டி வாராவாரம் வழித்தெடுக்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்தோடு சண்டை வருவது பெரும்பாலும் இந்த நாற்றத்தாலும், மொட்டை மாடி வரை புகைக்குழாய் கொண்டுபோக கட்டுநர் வழி விடாததாலும்தான்.

புறநகர் என்றாலே ஓடாது என்று சொல்லவில்லை. சரவண பவன் 1981இல் தொடங்கியது கே.கே. நகரில், அன்று அது ஊருக்கு வெளிப்புறம்தான். வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள், பக்கத்தில் சாப்பிட நல்ல இடம் இல்லை. தாம்பரம், குரோம்பேட்டை ரயில் நிலையங்களை ஒட்டிய கடைகளும் நன்றாக நடக்கின்றன, ஏனென்றால் அங்கே மக்கள் நடந்து போகிறார்கள். நகருக்குள் இருந்தால் நிம்மதி என்றும் இல்லை. 1962 முதல் நடந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டது வாடிக்கையாளர் குறைந்ததால் அல்ல, காலடி நிலம் கைவிட்டுப் போனதால். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபின், கோயம்பேட்டைச் சுற்றி இரவெல்லாம் ஓடிய கடைகளின் தென் மாவட்டக் கூட்டம் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

ஆகவே கடை பிடிக்கும் முன் கூட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டுநர் தரும் விளம்பரத்தில் "2,000 வீடுகள்" என்று இருக்கும். முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டிப்போட்ட வீடுகள் அதில் எத்தனை? இரவு எட்டரை மணிக்கு எதிரே நின்று விளக்கு எரியும் வீடுகளை எண்ணுங்கள். விடிகாலையில் பால் போடுகிறவரிடம் எத்தனை வீட்டுக்குக் கவர் போகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வது துல்லியமாக இருக்கும். சாலையின் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள்: ஊரை நோக்கிப் போகும் பக்கத்தில் காலை டிபன், வீடு திரும்பும் பக்கத்தில் மாலைக் காபியும் பார்சலும். சென்டர் மீடியனைச் சுற்ற ஒரு கிலோமீட்டர் போக வேண்டுமானால் எதிர்ப்பக்க வியாபாரத்தை மறந்துவிடலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் யோசித்து ஒதுங்க ஆறு வினாடியாவது வேண்டும். அதற்குள் வண்டி 100 மீட்டர் போயிருக்கும். பலகையைச் சுவரோடு ஒட்டாமல் சாலைக்குக் குறுக்காக, அந்தத் தூரத்திலேயே தெரிகிற மாதிரி வைக்க வேண்டும்.

அங்கே எடுபடுவது சின்னக் கடை. 20, 25 இருக்கை, 500 சதுர அடி, பத்துப் பன்னிரண்டு பண்டம். சாம்பாரை 10 லிட்டராக மூன்று தடவை வைப்பது. மதியம் மூடிவிட்டு மாலை நாலுக்குத் திறப்பது. இட்லி மாவைக் கிலோ கணக்கில் வீடுகளுக்கு விற்றால் மாவு வீணாவது பாதியாகக் குறையும். வேலை ஆட்களுக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுக்க வேண்டும். இரவு பதினொன்றுக்குக் கடை சாத்தினால் அவர்களுக்குப் பஸ் இருக்காது, இரண்டே மாதத்தில் நின்றுவிடுவார்கள்.

ஒப்பந்தம் எழுதும்போது இரண்டு விஷயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி, வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைதான். பத்து மாதம் என்று கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க வேண்டாம், அந்தப் பணம் முதல் ஆறு மாத நஷ்டத்தைத் தாங்க வேண்டிய பணம். மற்றது, மாதவரம் - சிறுசேரி மெட்ரோ பணிக்காகத் தடுப்பு வைத்த இடங்களில் வாசலே மறைந்துபோன கடைகள் உண்டு. வண்டி நிறுத்த முடியாதபடி பொதுப்பணிக்காக வாசல் அடைபட்டால் அந்தக் காலத்துக்கு வாடகை பாதி என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். தடுப்பு வைக்கும் நிர்வாகமும் 50 மீட்டருக்கு ஒரு நடைவழி விட்டு, உள்ளே இருக்கும் கடைகளின் பெயரைத் தகரத் தடுப்பின் மேலேயே எழுத அனுமதித்தால் அந்தக் கடைகள் பணி முடியும்வரை உயிரோடு இருக்கும்.

இப்படிக்கு,
உணவகக் கணக்கு வழக்குகளை அறிந்த ஒரு வாசகர்,
குரோம்பேட்டை, சென்னை.