டைனமோவில் ஓடிய கசெற்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது. கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை பிந்தித்தான் பூத்தது.

போன ஞாயிறு நீ சொன்ன கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன். டேஞ்சரின் ட்ரீம் என்ற ஜெர்மன் மின்னிசைக் குழுவில் வாசித்த எட்கார் ஃப்ரோய்சேயின் தனி அல்பங்களா, பீற்றர் பௌமானுடையவையா திறம் என்று விடியப்புறம் இரண்டு மணி வரை சண்டையாம். பௌமானின் அல்பத்தில் ஒரு பக்கம்தான் தேறும், மற்றப் பக்கம் குப்பை என்று நீ சொல்ல, உன் கூட்டாளி கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டானாம். படுத்த பிறகும் அந்தக் 'குப்பை' என்ற சொல் எனக்குள் நின்றது. அதுதான் எழுதுகிறேன். போனில் என்றால் அம்மா பறித்துவிடுவாள்.

உனக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரியப்பா 1984இல் மேற்கு பேர்லினில் இருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு தொண்ணூறு நிமிடக் கசெற் கொடுத்துவிட்டார். ஒரு பக்கம் ஃப்ரோய்சேயின் 1975ஆம் ஆண்டு அல்பம், 'எப்சிலன் இன் மலேசியன் பேல்'. மறுபக்கம் பௌமானின் 'ரொமான்ஸ் 76'. டேஞ்சரின் ட்ரீமைப் பற்றி அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை. நாங்கள் ரெக்கோடிங் பாருக்குப் போய், விருப்பமான பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, கசெற்றில் பதிவித்துக்கொண்டு வருகிற ஆட்கள். பிடிக்காத பாட்டு கசெற்றுக்குள் வரவே வராது. அதனால் 'பாதி நல்லது, பாதி சரியில்லை' என்ற வழக்கே எங்களுக்கு இருக்கவில்லை. ஒரு மனுசன் செய்ததை முழுதாக உட்கார்ந்து கேட்டது அந்தக் கசெற்றில்தான்.

மலேசியா என்ற பெயரைக் கேட்டதும் அப்பப்பா சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். மலாயா ரெயில்வேயில் வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்தவர் அல்லவா. பதினாறு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "காடு சரி, தவளை எங்கே?" என்றார். இதுவரை நான் கேட்ட விமர்சனங்களில் இதுதான் திறம்.

பிறகு 1990இல் யுத்தத்தால் கரண்ட் போனது, பற்றரிக்கும் தடை வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் இருந்து இரண்டு வயர் இழுத்து, றேடியோ திருத்துகிறவர் கட்டித் தந்த நாலு டயோட் வழியாகக் கசெற் பிளேயருக்குக் கொடுத்தோம். உனக்கு அப்போது ஒன்பது வயது. பெடலைக் கையால் சுற்றுவது உன் வேலை. எப்சிலனில் இரண்டாவதாக வருகிற 'மரூப்ரா பே' பதினேழு நிமிடம். பத்தாவது நிமிடத்தில் உன் கை சோரும். ஃப்ரோய்சே அதில் வாசிக்கிறது மெலோட்ரோன், ஆர்மோனியம் மாதிரிக் கட்டைகள் உள்ள பெட்டி. அதற்குள் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு நாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் எட்டு விநாடியளவுக்குப் பதிந்து வைத்த புல்லாங்குழலோ வயலினோ ஓடும். நாடாவில் ஓடிய குழல் எங்கள் நாடாவில் ஏறி, உன் கை சோர்ந்ததும் சுருதி இறங்கி, கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். "சுற்றடா" என்று நான் கத்த, குழல் மெல்ல மேலே ஏறும். இப்போது நீ போனில் அனுப்பியதைக் கேட்டால் அந்த இறக்கம் இல்லை. எனக்கு ஏதோ குறைகிறது.

சரி, உன் சண்டைக்கு வருகிறேன். நீ குப்பை என்றது ரொமான்ஸின் இரண்டாம் பக்கத்தை, ஓர்க்கெஸ்ட்ரா வருகிற பக்கத்தை. எனக்கும் அது இழுவைதான், மறைக்கவில்லை. ஆனால் நல்லூர்த் திருவிழாவில் தவில்காரர் சேர்ந்து வாசிக்கிற சமா கேட்டிருக்கிறாய். இரண்டு தவில் சேர்ந்து விழும்போது எது யாருடைய அடி என்று தெரியாது. அவர்களில் ஒருவரை வேறொரு கோயிலில் தனியாகக் கேட்டுவிட்டு வந்தால், அடுத்த சமாவில் அவர் கை உடனே பிடிபடும். பௌமானின் முதல் பக்கத்தில் கட்டையான சின்ன மெட்டுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அதைக் கேட்டுவிட்டு, அதே 1976இல் குழு போட்ட 'ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்' அல்பத்தைக் கேட்டுப் பார். இவர் எங்கே நிற்கிறார் என்று ஊகிக்கலாம். அடுத்த வருடம் அவர் குழுவை விட்டுப் போனார். இரண்டாம் பக்கம் தடுமாறுகிறது, உண்மைதான். குழுவுக்குள் என்றால் யாராவது "போதும்" என்று சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அவர் என்ன செய்ய ஆசைப்பட்டார் என்றும் அங்கேதானே தெரிகிறது? அதைக் குப்பை என்று தள்ளினால் நீ பாதிப் பௌமானைத்தான் கேட்டிருக்கிறாய்.

உன் ஃப்ரோய்சே விஷயத்தில் எனக்கு வேறு கோபம். 2000களில் அந்த மனுசன் தன் பழைய தனி அல்பங்களைத் திரும்ப எடுத்து, சில இடங்களைப் புதிதாக வாசித்துச் சேர்த்து வெளியிட்டார். இரசிகர்கள் கொதித்தார்களாம். அவருடைய சொத்து, திருத்த அவருக்கு உரிமை உண்டு. ஆனாலும் அந்தப் புதிய எப்சிலனில் கொஞ்சம் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். சுண்ணாம்பு அடித்த பழைய வீடு மாதிரி இருந்தது. 2015இல் அவரும் போய்விட்டார், இனி யாரிடம் முறையிடுவது?

எங்கள் கசெற் 95 இடப்பெயர்வில் அம்மாவின் சேலைப் பெட்டிக்குள் இருந்து தப்பியது. இப்போது நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம், ஓடாது. பெரியப்பாவிடம் கேள், அந்த இரண்டு இசைத்தட்டுகளும் இன்னும் இருக்கிறதா என்று. இருந்தால் திருத்தாத பழைய எப்சிலனை ஒரு பக்கமும் ரொமான்ஸை மறுபக்கமும் கசெற்றில் பதிந்து, தை மாதம் வரும்போது கொண்டு வா. ஓர்க்கெஸ்ட்ராவை வெட்டாதே. முதலில் உன் கூட்டாளிக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
அப்பா