விளக்கை அணைக்கும் வேலையைக் காரிடமே விடுங்கள்

இந்தியாவில் கார் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அந்தக் கார்களின் மின் அமைப்பை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

என் புகாருக்கு உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து வந்த பதில் இரண்டே வரி. "முகப்பு விளக்கு அணைக்கப்படாததால் பேட்டரி இறங்கியுள்ளது. இது ஓட்டுநரின் கவனக்குறைவு என்பதால் வாரண்டியில் வராது." எந்த நிறுவனம் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. உங்களில் யாரிடம் கேட்டிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். இன்ஜினை அணைத்து, கதவைப் பூட்டி, ஆள் போன பிறகும் முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தால், சில நிமிடங்களில் காரே அதை அணைத்துவிட வேண்டும். எல்லா மாடலிலும் இது வேண்டும், விலை குறைந்த வேரியண்ட் உட்பட.

என் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நத்தம் பக்கத்திலிருந்து மதுரைக்கு அழைத்துப்போக வேண்டும். காலை முதல் ஷிஃப்டில் இடம் என்பதால் ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவோம். பின் சீட்டில் அம்மாவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால் ஓட்டுவதற்கு ஆக்டிங் டிரைவர். அன்றைக்கு வந்தவர் எங்களுக்குப் புதியவர், தொழிலுக்குப் பழையவர். அழகாக ஓட்டினார். கிளம்பும்போது இருட்டு. எந்த டிரைவரும் செய்வதைப் போலக் கையால் விளக்கைப் போட்டார். எங்கள் காரில் 'ஆட்டோ' என்று ஒரு நிலை உண்டு. அதில் விட்டால் விளக்கு தானாக எரிந்து தானாக அணையும். முந்தின நாள் அவர் ஓட்டிய காரில் அது கிடையாது. ஒரு கம்பெனி இந்த சுவிட்சை ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கத் தண்டில் வைக்கிறது, இன்னொன்று இடப்பக்கத் தண்டில், மற்றொன்று டாஷ்போர்டில் தனித் திருகாக. தினம் ஒரு கார் ஓட்டிப் பிழைப்பவர் எதையென்று மனப்பாடம் செய்வார்?

விளக்கை ஆட்டோவில் விட்டிருந்தாலும் கையால் போட்டிருந்தாலும் மீட்டரில் தெரியும் பச்சைக் குறி ஒன்றேதான். எது அணையும் விளக்கு, எது அணையாத விளக்கு என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறும்போதே விடிந்துவிட்டது. அப்புறம் விளக்கு எரிகிறதா என்று யாருக்கு நினைவு வரும்?

எச்சரிக்கை மணி அடித்திருக்குமே என்பீர்கள். அடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா இறங்க நேரமாகும், கதவு திறந்தே கிடக்கும். கதவு திறந்திருக்கிறது என்று ஒரு டிங் டிங். சீட் பெல்ட்டைக் கழற்றியதற்கு ஒரு டிங் டிங். சாவி என் பையில் வண்டியை விட்டு வெளியே போனதற்கு ஒரு டிங் டிங். விளக்கு எரிகிறது என்பதற்கும் அதே டிங் டிங்தான். கூடவே மீட்டரில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி, சில நொடிகள் மட்டும். நாலு விஷயத்துக்கும் ஒரே ஓசை என்றால் அந்த ஓசையால் என்ன பயன்? வண்டியைத் திறந்தவெளி பார்க்கிங்கில் நல்ல வெயிலில் நிறுத்தினார். அந்த வெளிச்சத்தில் முகப்பு விளக்கு எரிவது அவர் கண்ணில் படவில்லை.

பதினொன்றரை மணிக்கு அம்மாவை வெளியே கூட்டி வந்தேன். டயாலிசிஸ் முடித்து வருபவர்களை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்ததுண்டா என்று தெரியாது. பிரஷர் இறங்கியிருக்கும். கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து இறுகக் கட்டியிருப்பார்கள், அந்தக் கையை ஊன்றவும் முடியாது. நாக்கு வறண்டு தாகம் எடுக்கும், ஆனால் கேட்கிற அளவுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து சொல்லியிருப்பார். போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அம்மா கேட்டது இரண்டே கேள்விதான். "வண்டி வரலையாய்யா?" "கொஞ்சம் தண்ணி தர்றியாய்யா?" முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவதற்குப் பாட்டில் மூடியில் ஊற்றி உதட்டை நனைத்தேன்.

வண்டி வராததற்குக் காரணம், ரிமோட்டை அமுக்கினால் கதவே திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது, கைப்பிடியில் ஒரு மூடியைக் கழற்றினால் சாவித்துளை தெரியும் என்பதை எங்களுக்குச் சொல்லித்தந்தவர் பார்க்கிங் சீட்டுக் கொடுக்கும் தம்பி. கார் டெலிவரி அன்று பூமாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ எடுத்த உங்கள் டீலர் இதைச் சொல்லவில்லை. கதவு திறந்தது. ஆட்டோமேட்டிக் வண்டி, மின்சாரம் இல்லாததால் கியர் 'பி' என்ற பார்க்கிங் நிலையை விட்டு நகரவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்யும் பேச்சே இல்லை, ஓரமாக உருட்டி வைக்கக்கூட வழியில்லை. சரி, கால் டாக்ஸி பிடித்து அம்மாவை முதலில் அனுப்பலாம் என்றால், அவர் நடக்க வேண்டிய வாக்கர் டிக்கிக்குள். டிக்கிக்கு மின்பூட்டு. பின் சீட்டை மடித்து, டிரைவர் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய் அதை வெளியே இழுத்தார். உங்கள் சாலை உதவி எண்ணில் ஆள் வர தொண்ணூறு நிமிடம் ஆகும் என்றார்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர்தான் ஜம்பர் கேபிளோடு வந்தார். சிவப்பை முதலில் எங்கள் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையைத் தன் வண்டியின் பிளஸ்ஸில் மாட்டினார். கறுப்பைத் தன் வண்டியின் மைனஸ்ஸில் மாட்டிவிட்டு, கடைசி முனையை எங்கள் பேட்டரியில் வைக்காமல் இன்ஜினின் வெற்று இரும்பில் கவ்வவிட்டார். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அங்கே பொறி பறக்கக் கூடாது என்று எங்களுக்கும் விளக்கிச் சொன்னார். அவருக்கு என் நன்றியை இங்கேயும் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் டிரைவர் மட்டும் வீடு வரும்வரை பேசவே இல்லை. இறங்கும்போது, "என் பேட்டாவுல கழிச்சுக்கங்க சார்" என்றார். உங்கள் இரண்டு வரிப் பதிலில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எழுதினீர்களே, அது இந்த மனிதரைப் பற்றித்தான். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. 55 வாட் ஹாலோஜன் இரண்டு. பின் விளக்கு, முன் பார்க்கிங் பல்பு, நம்பர் பிளேட் பல்பு எல்லாம் சேர்த்தால் 130 வாட் பக்கம் வரும். 12 வோல்ட்டில் அது சுமார் 11 ஆம்பியர். சின்னப் பெட்ரோல் கார்கள் பலவற்றில் நீங்கள் வைத்துத் தருவது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. மூன்று மணி நேரம் தாண்டினால் அது காலி. ஸ்டார்ட்டரைச் சுழற்ற ஒரே மூச்சில் நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும் என்பதால் வண்டி அதற்கு முன்பே கிளம்பாது. ஒரு டயாலிசிஸுக்கு நாலு மணி நேரம். ஒரு கல்யாணத்துக்கு, ஒரு கோயில் தரிசனத்துக்கு, பிள்ளையின் தேர்வு மையத்துக்கு வெளியே காத்திருக்க அதைவிடக் கூடவே ஆகும். விடிவதற்கு முன் கிளம்பி விடிந்த பின் போய்ச் சேரும் யாருக்கும் இது நடக்கலாம்.

விளக்கை அணைக்க உங்கள் காருக்குத் தெரியாது என்றால் நான் வாயை மூடிக்கொள்வேன். தெரியும். பூட்டிவிட்டு வீட்டுக்குள் போகும்வரை அரை நிமிடம் வழிகாட்டி எரிந்து, பிறகு தானே அணையும் 'ஃபாலோ மீ ஹோம்' வசதியை விளம்பரத்தில் போடுகிறீர்கள். ஆட்டோ நிலையில் இன்ஜின் நின்றதும் விளக்கை அணைப்பதும் அதே மின்னணுப் பெட்டிதான். அரை நிமிடம் எண்ணத் தெரிந்த பெட்டிக்குப் பத்து நிமிடம் எண்ணத் தெரியாதா? சிக்னலில் இன்ஜினை நிறுத்திப் பெட்ரோலை மிச்சப்படுத்தும் கார்களில், பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று அளக்க மைனஸ் முனையிலேயே சென்சார் வைக்கிறீர்கள். சார்ஜ் குறைவாக இருந்தால் இன்ஜினை நிறுத்தாமல் ஓடவிடுகிறது அந்தக் கார். ஆள் உள்ளே இருக்கும்போது பேட்டரியைக் காக்கத் தெரிந்த வண்டி, ஆள் இல்லாதபோது அதைச் சாகவிடுகிறது. பேட்டரியைக் காக்க விளக்கைத் தானாக அணைக்கும் கார்கள் உங்கள் தொழிலிலேயே ஏற்கெனவே ஓடுகின்றன. ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. இருப்பதை எல்லோருக்கும் கொடுங்கள் என்கிறேன்.

ஒரு விதிவிலக்கு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரவில் நெடுஞ்சாலை ஓரம் பழுதாகி நிற்கும் வண்டிக்குப் பார்க்கிங் விளக்கும், நாலு பக்கமும் சேர்ந்து மின்னும் ஹசார்டு விளக்கும் எரிந்தே ஆகவேண்டும், அது உயிர் விஷயம். அவற்றைத் தொடவேண்டாம். பூட்டிய காரில் முகப்பு விளக்கு மணிக்கணக்கில் எரிந்துகொண்டிருக்க என்ன தேவை? ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அரசு சொன்னால் செய்கிறீர்கள். 1.7.2019 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் சீட் பெல்ட் மணியும் வேக எச்சரிக்கையும் வந்துவிட்டன. 80 கிலோமீட்டர் தாண்டினால் இடைவிட்டு ஓசை, 120 தாண்டினால் விடாத ஓசை. சட்டம் வந்ததும் ஓசையைப் பிரித்துக் காட்ட முடிந்தது. சட்டம் சொல்லாத விளக்குக்கு மட்டும் கதவு திறந்த அதே டிங் டிங் போதும் என்று முடிவுசெய்தது யார்? இதற்கும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கை போடும்வரை காத்திருக்கப் போகிறீர்களா?

விளக்கைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழும், முகப்பு விளக்கு மேலே தூக்கும். அப்போது எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். எத்தனை பேருக்கு இது தெரியும்? இரவில் எதிரே வரும் வண்டி லோ பீமிலேயே கண்ணைக் குருடாக்குகிறது என்று பைக்கில் போகிறவர்கள் திட்டுவதில் பாதி இந்தச் சக்கரத்தைத் தொடாததால் வருவது என்றே நினைக்கிறேன். சர்வீஸ் பில்லில் வீல் அலைன்மென்ட்டுக்கு ஒரு வரி இருக்கும், ஏசி சுத்தம் செய்ய ஒரு வரி இருக்கும். விளக்கின் வெளிச்சத்தைச் சுவரில் அடித்து அதன் உயரத்தைச் சரிபார்த்ததாக ஒரு வரியைக்கூட என் பில்லில் நான் பார்த்ததில்லை. அப்புறம் அந்தக் கையேடு. செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் தொழிற்சாலை வைத்து, தமிழ்ப் பிள்ளைகள் பூட்டித் தரும் கார்கள் இவற்றில் எத்தனை! எனக்குத் தந்த கையேடு முழுக்க ஆங்கிலம், தலையணை தடிமன். எங்கள் டிரைவரால் அதை ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாது. உள்ளே அலங்கார வெளிச்சம் 64 நிறத்தில் மாறும் என்று சொல்லத் தமிழில் விளம்பரம் எடுக்கிறீர்கள். விளக்கை எந்த நிலையில் விடவேண்டும் என்று சொல்ல மட்டும் தமிழ் கிடைக்கவில்லை.

கோபத்தில் பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒருமுறை அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரி அதோடு பாதி செத்தது. ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஸ்டார்ட் செய்வதற்கென்றே செய்த பேட்டரி அடிக்கடி காலியாவதைத் தாங்காது என்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் பேட்டரியும் அப்புறம் தேறவில்லை. மழைக்காலக் காலைகளில் இழுத்து இழுத்துக் கிளம்பி, ஒரு நாள் நின்றே போனது. வாரண்டி கேட்டதற்குத்தான் அந்த இரண்டு வரி. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 84-ஆம் பிரிவு, சரியாகப் பயன்படுத்தப் போதிய வழிமுறையோ, தவறான பயன்பாடு பற்றிய எச்சரிக்கையோ தராத பொருளால் தீங்கு வந்தால் தயாரிப்பாளரே பொறுப்பு என்கிறது. கேட்பவருக்குப் பிரித்தறிய முடியாத மணியும், படிக்கத் தெரியாத மொழியில் சில நொடி வரும் வரியும் போதிய எச்சரிக்கையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து இதைக் கேட்க எனக்குத் தெரியும். ஒரு பேட்டரியின் விலைக்காக வழக்காட நான் விரும்பவில்லை. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவனுக்கு அதற்கு நேரமும் இல்லை.

எனவே மரியாதையோடு மறுபடி கேட்கிறேன். பூட்டிய காரின் முகப்பு விளக்கைக் காரே அணைக்கட்டும். இனி வரும் கார்களில் முதல் நாளிலிருந்தே இது இருக்கட்டும். ஏற்கெனவே விற்ற கார்களில், மென்பொருள் மாற்றினாலே போதும் என்றிருக்கும் மாடல்களுக்கு அடுத்த சர்வீஸில் காசு வாங்காமல் செய்துகொடுங்கள். அது முடியாத பழைய மாடல்களுக்கு விளக்கின் மணியையாவது மற்ற மணிகளிலிருந்து பிரித்து, அணைக்கும்வரை விடாமல் அடிக்கும்படி வையுங்கள். டெலிவரி அன்று கேக் வெட்டும் நேரத்தில் பத்து நிமிடம் எடுத்து, விளக்குத் திருகையும், ரிமோட்டுக்குள் இருக்கும் சாவியையும், பேட்டரி இறங்கினால் கியரை விடுவிக்கும் வழியையும் வாங்குபவரின் கையைப் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். விளக்குப் பக்கத்தையும் பேட்டரிப் பக்கத்தையும் மட்டுமாவது தமிழில் அச்சடித்துத் தாருங்கள். நாலு பக்கம் போதும்.

'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று எங்கள் டிரைவரைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெற்று ஒரு வரி அனுப்பினால், அதை அவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
நத்தம் வட்டாரத்திலிருந்து,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்